விளக்கு வைத்த பின் ஊசி

எங்கள் பாட்டிக்கு ஊசி விஷயத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடக் கூடாது. அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இது முதலாவது. நூலைக் கோக்கும்போது அதன் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தக் கூடாது; எச்சில்! இது இரண்டாவது. முதல் சட்டத்தை மீறினால் லக்ஷ்மி வீட்டை விட்டுப் போய்விடுவாள். இரண்டாவதை மீறினால் பாட்டியின் கை முதுகில் விழும். லக்ஷ்மி போவது கண்ணுக்குத் தெரியாது. முதுகில் விழுவது நன்றாகவே தெரியும். ஆகையால் இரண்டாவது சட்டத்தைத்தான் நான் அதிக பக்தியோடு அநுசரித்து வந்தேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹாம் ஜில்லாவில் 2012 முதல் 2019 வரை ஏழு வருஷம் குடித்தனம் நடத்தினேன். அதற்குள் இரண்டு சட்டங்களையும் மீறியாகிவிட்டது. அந்த ஊரில் டிசம்பர் மாதத்தில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்து விடுகிறான். மேகம் கவிந்த நாளில் இரண்டரை மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். பாட்டியின் சட்டப்படி நடந்தால் மார்கழி பூராவும் கிழிந்த சட்டைக்கு ஒரு தையல் போட வழி கிடையாது. எச்சில் சமாசாரத்தைப் பின்னால் சொல்கிறேன். அதில் கொஞ்சம் ரத்தமும் கலந்திருக்கிறது.

என் கணவருக்கு அங்கே உத்தியோகம். எனக்கு விசாவில் 'அவரைச் சார்ந்தவள்' என்ற ஸ்தானம். நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் வாடகை குறைவு என்று வீடு பிடித்தோம். ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு வரிசை வரிசையாக ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். கிராமத்துக்குச் சோறு போட்ட சுரங்கம் எப்போதோ மூடிக் கிடந்தது. 1993-ல் ஈசிங்டன் சுரங்கமும் மூடப்பட்டபின் அந்த ஜில்லாவில் கரி என்பது பேச்சில்தான் மிச்சம். ஆனால் அந்தப் பேச்சு எளிதில் ஓய்வதில்லை.

பஸ்ஸில் ஏறிய முதல் நாளே டிரைவர் என்னைப் பார்த்து, "வா, பெட்!" என்றார். நான் திடுக்கிட்டுப் போனேன். 'பெட்' என்றால் நாய்க்குட்டி, பூனைக்குட்டி அல்லவா? நாலு நாள் போன பிறகுதான் புரிந்தது, காய்கறிக்காரி, தபால்காரர், பல் வைத்தியர் எல்லோருக்கும் எல்லோரும் 'பெட்'தான் என்று. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் 'கண்ணு' என்பது மாதிரி. அதற்குப் பிறகு யாராவது அப்படிக் கூப்பிடாமல் விட்டால்தான் எனக்கு மனசு வருத்தப்பட்டது.

"என்ன செய்கிறீர்கள்?" என்று விசாரிப்பார்கள். "நாவல் எழுதுகிறேன்" என்பேன். "எந்தப் பாஷையில்?" "தமிழில்." "அடடா, எவ்வளவு அருமை!" என்பார்கள். அதோடு பேச்சு மழைக்குத் திரும்பிவிடும். அவர்கள்மேல் குற்றமில்லை. வாஸ்தவம் என்னவென்றால், முதல் இரண்டு வருஷம் நான் ஒரு வரி எழுதவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போது கை கொடுத்தது ஊசிதான். பெட்டியில் ஒரு மர வளையமும் பட்டு நூல் கண்டுகளும் எடுத்துப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் கற்றுக்கொண்ட வித்தை. சங்கிலித் தையலில் இரண்டு அன்னப் பறவைகள், நடுவில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று ஆங்கில எழுத்துக்கள். எங்கள் காலத்தில் இந்தத் தலையணை உறை இல்லாமல் ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் நடந்ததில்லை. அந்த எழுத்துக்களின்மேல் தலை வைத்தவர்கள் என்ன கனவு கண்டார்கள் என்று யாரும் விசாரித்ததும் இல்லை.

மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மெதடிஸ்ட் தேவாலயத்துக் கூடத்தில் போர்வைத் தையல், தேநீர் உண்டு. போனேன். எட்டுப் பெண்மணிகள். எல்லோருக்கும் மூத்தவளுக்கு அப்போது வயது எண்பத்து நாலு. சுரங்கத் தொழிலாளியின் மகள், சுரங்கத் தொழிலாளியின் விதவை. என் கைவேலையைக் காட்டினேன். வாங்கினாள், அன்னங்களைப் பார்க்கவே இல்லை. துணியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். முதுகில் ஏகப்பட்ட முடிச்சு. ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாண்டிப் போன நூல்கள். கிழவி ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உட்கார், பெட்" என்றாள்.

அந்தப் போர்வையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சோ கம்பளியோ. மூன்றும் நகராதபடி சேர்த்துத் தைப்பது வெறும் ஓட்டுத் தையல்தான், நம் வீட்டில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்போமே, அதே தையல். ஆனால் அந்த ஓட்டத்திலேயே இறகு, ரோஜாப்பூ, முறுக்கிய கயிறு, சங்கிலி என்று சித்திரங்கள் எழும்புகின்றன. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். நிறத்தின் உதவி கிடையாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மேடும் பள்ளமுமாகத்தான் பூ தெரியும். நம் ஊர் எம்ப்ராய்டரியின் பகட்டுக்குப் பழகிய எனக்கு முதலில் இது அழுதுவடிகிற வேலையாகப் பட்டது. மூன்று மாதம் கழித்து அன்னப் பறவையைப் பார்க்கவே வெட்கமாயிருந்தது.

கிழவி சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது போர்வைச் சீட்டு. சீட்டேதான்! அந்தப் பிரதேசத்தில் சுரங்கம் ஒரு வீட்டின் ஆண்மகனைத் தின்றுவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் போக்கிடம் கிடையாது. 1909-ல் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்க வெடிப்பில் மட்டும் 168 பேர் மாண்டார்கள். அப்படி நிராதரவாக நின்ற பெண்கள் போர்வைச் சீட்டுப் பிடித்தார்கள். அக்கம்பக்கத்தார் வாரம் ஒரு ஷில்லிங் கட்டுவார்கள். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு முதல் போர்வை, பிறகு அடுத்தவருக்கு. நம் ஊரில் வெண்கல அண்டாவுக்கும் புடவைக்கும் சீட்டுக் கட்டினோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த விதவைகளுக்கு மட்டும் வித்தியாசம் உண்டு. சீட்டு முடிகிறவரையில் இரவும் பகலும் தைத்தாக வேண்டும். முன் அறை முழுவதையும் தையல் சட்டம் அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தைகள் சட்டத்துக்கு அடியில் குனிந்து போய்த்தான் சமையலறைக்குப் போக வேண்டும். ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைப்பது அவர்கள் வேலை.

1928-ல் சர்க்கார் ஆதரவோடு ஒரு திட்டம் வந்து, இந்தக் கிராமங்களிலும் தெற்கு வேல்ஸிலும் செய்த போர்வைகள் லண்டனுக்குப் போயின. 1930-களில் லண்டன் க்ளாரிட்ஜஸ் ஹோட்டலின் புதிய பகுதிக்குக்கூட வாங்கினார்களாம். வேலையில்லாத சுரங்கக்காரனின் மனைவி தைத்த போர்வைக்குள் எந்தச் சீமான் குறட்டை விட்டானோ! எந்தப் போர்வையிலும் தைத்தவள் பெயர் இல்லை.

தையற்காரி பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு பித்துப் பிடித்ததே அங்கேதான். டர்ஹாம் கதீட்ரலின் பொக்கிஷங்களில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த பட்டு அங்கவஸ்திரங்கள் இருக்கின்றன. புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியை 1827-ல் திறந்தபோது அகப்பட்டவை. பட்டிழைமேல் தங்கத் தகட்டைச் சுற்றிய இழை. நம் ஜரிகைக்கு அக்காள் என்று சொல்லலாம். ஆல்ஃப்லெட் ராணியின் கட்டளைப்படி செய்தது என்று அதிலேயே தைத்திருக்கிறது. கட்டளை இட்டவளின் பெயரைத் தைத்தவள், தன் பெயரைத் தைத்துக்கொள்ளவில்லை.

இதற்கு நேர் விரோதமான ஒன்றைப் பார்ப்பதற்காக 2016-ல் டர்ஹாமிலிருந்து அரை நாள் ரயில் பிரயாணம் செய்தேன். ஊர் பெயர் ரெடிங். எழுத்தைப் பார்த்து 'ரீடிங்' என்று டிக்கெட் கேட்டேன். எழுத்தாளருக்கு வந்த சோதனை. பிரான்ஸில் பாயூ என்ற ஊரில் 1066-ம் வருஷப் படையெடுப்பைச் சித்திரிக்கும் சுமார் 70 மீட்டர் நீளத் துணி இருக்கிறதே, அதற்கு ரெடிங் மியூசியத்தில் ஒரு பிரதி உண்டு. லீக் என்ற ஊரில் எலிஸபெத் வார்டில் என்ற பெண்மணியின் தலைமையில் 35 பெண்கள் 1885-லும் 1886-லும் தைத்தது. கம்பளி நூலுக்குச் சாயம் போட்டவர் அவள் கணவர் தாமஸ் வார்டில். நம் தேசத்துக் காட்டுப் பட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்த அதே வார்டில்தான். மூலத்தில் நிர்வாணமாக நிற்கும் சில உருவங்களுக்கு லீக் பிரதியில் அரை நிஜார் மாட்டிவிட்டிருக்கிறது. அவர்கள் பார்த்துத் தைத்த படத்திலேயே யாரோ மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்களாம். சிரித்துக்கொண்டே குனிந்தவள் கீழ் ஓரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு பகுதியின் அடியிலும் அதைத் தைத்த பெண்ணின் பெயர். எல்லோரும் ஒரே கதையை, ஒரே நூலில் தைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் வரும் இடத்தில் தையல் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒருத்தி இழுத்துத் தைப்பவள். ஒருத்தி தாராளமாக விடுபவள். கையெழுத்தைப் போலத்தான்.

குறிப்பு எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பிரயாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே இரவில் இரண்டு, மூன்று மணிக்கு விழிப்புக் கொடுக்கும். இரண்டு கைகளிலும் எறும்பு ஊர்வது போலிருக்கும். தொங்க விட்டு உதறினால் சரியாகும். குளிர் என்றார் என் கணவர். நானும் குளிர் என்றேன். வெளி தேசத்தில் எந்த உபாதைக்கும் குளிரைச் சொல்லிவிடலாம். அது மறுத்துப் பேசாது.

போர்வைத் தையலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வலது கை சட்டத்துக்கு மேலே. இடது கை கீழே. ஊசி மூன்று அடுக்கையும் துளைத்துக்கொண்டு வரும்போது, கீழே காத்திருக்கும் இடது ஆள்காட்டி விரல் அதன் முனையைத் தொட்டு உணர்ந்து, உடனே மேலே தள்ளிவிட வேண்டும். வலது கை விரலுக்கு அங்குஸ்தான் என்ற கவசம் உண்டு. இடது விரலுக்கு ஒன்றும் கிடையாது. அதற்குக் கண்ணும் அதுதான், காதும் அதுதான். அங்குலத்துக்குக் கிழவி பத்துத் தையல் போடுவாள், என்னுடையது ஆறு. ரெடிங் போய் வந்த ஒரு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்திலிருந்தவள், "ஐயோ, பெட், நிறுத்து!" என்று என் தோளைப் பிடித்தாள். வெள்ளைத் துணியில் நான் தைத்துக்கொண்டு வந்த இறகின் நெடுக, தையலுக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளி. கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். விரல் நுனி பூராவும் குத்து. ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை!

கிழவி பதறவில்லை. "உன் எச்சிலைத் துப்பி ஒற்றி எடு. உன் ரத்தம் உன் எச்சிலுக்குத்தான் போகும், என்னுடையதுக்குப் போகாது" என்றாள். அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியம் இது. வெள்ளை நூலைச் சுருட்டி வாயில் போட்டு நனைத்து, புள்ளி புள்ளியாக ஒற்றினேன். முதுகில் பாட்டியின் கை விழப் போகிறது என்று ஒரு கணம் குறுகிப் போனேன். கறை என்னவோ போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது வைத்தியப் பர்வம். முதலில் பார்த்த டாக்டர், நான் நாற்காலியில் சரியாக உட்கார்வதற்கு முன்பே, "உங்கள் வயதில் பெண்களுக்கு இப்படியெல்லாம் இருக்கும். தையலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குத்தானே?" என்றார். பொழுதுபோக்கு! அந்த வார்த்தை ஊசிக் குத்தைவிட நன்றாக உறைத்தது. திரும்பி வந்துவிட்டேன். என் முட்டாள்தனம், ஐந்து மாதம் மறுபடி போகவில்லை. சமையலறையில் ஒரு டம்ளர் கையை விட்டு விழுந்து உடைந்தது, பிறகு இன்னொன்று. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. அதற்குள் ஒரு நாவலின் மூன்று அத்தியாயங்கள் எழுதி முடித்திருந்தேன். போர்வைக்காரிகளோடு பேசிப் பேசி வாய் திறந்ததோ என்னவோ, பேனா ஓட ஆரம்பித்திருந்த சமயம். நாலாவது அத்தியாயத்தின் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

இரண்டாவது டாக்டர் ஒரு சின்னப் பெண். எந்தெந்த விரல் என்று கேட்டாள். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரலில் பாதி என்றேன். "சுண்டு விரல்?" "அது மட்டும் சுகமாக இருக்கிறது." அவள் முகம் மலர்ந்துவிட்டது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் இடையே குறுகலான ஒரு சந்து இருக்கிறது. ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. எந்தக் காரணத்தாலாவது உள்ளே வீக்கம் ஏற்பட்டால் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியில் போவதால் தப்பித்துக்கொள்கிறது. கார்ப்பல் டனல் என்று இதற்குப் பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை வியாதி, தைராய்டுச் சுரப்பியின் மந்தம் இவையும் இதைக் கொண்டுவரும். ரத்தத்தைச் சோதித்ததில் என் தைராய்டு மந்தம் என்று தெரிந்தது. வயதும் இல்லை, குளிரும் இல்லை! கழுத்தில் ஒரு சின்னச் சுரப்பி சோம்பிப் போனதற்கு விரலைப் போட்டு வைதுகொண்டிருந்திருக்கிறேன்.

இரவில் மணிக்கட்டுக்குக் கட்டை கட்டிக்கொண்டேன். தைராய்டுக்கு மாத்திரை. இடது கைக்கு ஒரு ஊசி மருந்து போட்டு, அது ஓரளவு சமாதானமாயிற்று. வலது கை இணங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் சிறு மின்சாரம் பாய்ச்சி, நரம்பில் அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். அதற்கு எட்டு மாதம் காத்திருந்தேன். நரம்பு என்னவோ அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

2017 அக்டோபரில் ஆபரேஷன். கையை மட்டும் மரக்கச் செய்து, நான் விழித்திருக்கும்போதே உள்ளங்கையைக் கீறி அந்தப் பட்டையை வெட்டிவிட்டார்கள். இருபது நிமிஷங்கூட ஆகவில்லை. தைக்கும்போது, பார்க்கலாமா என்று கேட்டேன். சர்ஜனுக்கு ஆச்சரியம், திரையை விலக்கினார். நீல நூல், ஒவ்வொரு தையலும் தனித்தனி முடிச்சு. நாலு தையல். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கையைக் காட்டியபோது கிழவியும் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

அப்போது சட்டத்தில் இருந்த போர்வை என்னுடையது. அங்கே முறை வைத்து ஒவ்வொருத்திக்கும் ஒரு போர்வை எல்லோருமாகத் தைப்பார்கள். நாலு ஓரங்களில் மூன்று முடிந்து, நாலாவதில் ஒரு சாண் நான் தைத்திருந்தேன், அந்த மரத்துப்போன மாதங்களில். பழைய நாளில் கை திருந்தாதவளைத் தைக்க விட்டுவிட்டு, அவள் வீட்டுக்குப் போனதும் அதைப் பிரித்து மறுபடி தைத்துவிடுவார்களாம், கிழவியே சொல்லியிருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து அவர்கள் மீதியைத் தைத்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய் அல்ல, ஐந்து செவ்வாய். பிறத்தியார் கையால் என் வேலை முடிவதைப் பார்ப்பது எவ்வளவு கசப்பு என்று நான் முன்பு அறிந்ததில்லை. நன்றியும் இருந்தது. ஆனால் முதலில் வந்தது கசப்புத்தான், அதை மறைப்பானேன்?

போர்வையைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து என் மடியில் போட்டார்கள். நாலாவது ஓரத்தைத் தேடினேன். என்னுடைய ஒரு சாண், கோணலும் மாணலுமாக, அங்குலத்துக்கு நாலு தையலாக அப்படியே இருந்தது. "பிரிக்கவில்லையா?" என்றேன். கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதில்தான் உன் ரத்தம் இருக்கிறதே, பெட். பெயர் எழுதினாற்போல்" என்றாள்.

விரல்களுக்கு உணர்ச்சி மெள்ள மெள்ளத் திரும்பியது. பேனா பிடிக்க மூன்று மாதம். ஊசி பிடிக்க அதற்கும் மேல். வலது நடு விரலின் நுனி இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. நெடுநாள் நசுங்கிய நரம்பு சில சமயம் கணக்கைப் பூராவும் தீர்ப்பதில்லை. நாவல் முடிந்தது. 2019-ல் நாங்கள் மூட்டை கட்டும்போது கிழவிக்குத் தொண்ணூறு. தன் அங்குஸ்தானை என் கையில் திணித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசினாள்.

சென்னையில் அந்தப் போர்வைக்கு வேலையில்லை. மார்கழியில் இரண்டு நாள் விடியற்காலையில் ஆசைக்குப் போர்த்திக்கொண்டு, வேர்த்துப் போய் எழுந்திருக்கிறேன். போன மாதம் உலர்த்தலாம் என்று பிரித்தபோது நாலாவது ஓரத்தில் நூல் விட்டிருந்தது. வேறு எங்கே? என் ஒரு சாணில்தான். ஊசிப் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் கடற்காற்றுக்குத் துருவேறிக் கிடந்தன. மணி ஆறே முக்கால். தெருக்கோடிக் கடைக்குப் போய், "ஒரு சன்ன ஊசி, வெள்ளை நூல்கண்டு ஒன்று" என்றேன்.

கடைக்காரர் மாடத்து விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "விளக்கு வெச்சாச்சேம்மா! ஊசி காலையிலே வந்து வாங்கிக்கிடுங்க" என்றார். நூல்கண்டை மட்டும் எடுத்து வைத்தார்.